ஏ.டி.ஹெச்.டி. மாத்திரையும் நோன்பும்: சஹரில் போடுவதா, இரவுக்கு மாற்றுவதா, விட்டுவிடுவதா?

முற்றத்துநிலா கேட்டது:

அஸ்ஸலாமு அலைக்கும். ரமலானுக்கு இன்னும் ஆறு வாரம்தான். விவரம் தெரிந்தவர்கள் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

வீட்டில் இரண்டு பேர் ஏ.டி.ஹெச்.டி.க்கு (கவனக் குறைபாடு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) மருந்து எடுக்கிறார்கள். ஒருவர் பெரியவர்: காலை 8 மணிக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் மெத்தில்ஃபெனிடேட் 36 மி.கி. (கான்செர்ட்டா), பிற்பகல் 3 மணிக்குச் சாதாரண மெத்தில்ஃபெனிடேட் 10 மி.கி. இன்னொருவர் பருவமடைந்த பிள்ளை: இரவில் குவான்ஃபசின் 3 மி.கி. அதோடு அட்டோமாக்செட்டின் கேப்ஸ்யூலும் தொடங்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

1. இந்த மருந்துகள் போதைப்பொருள் என்ற கணக்கில் வருமா?
2. கேப்ஸ்யூலின் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் என்ன செய்வது?
3. 36 மி.கி.யைச் சஹரில் (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டு நேரத்தில்) போட்டால் பகல் முழுக்கத் தாங்குமா? மாத்திரை வயிற்றுக்குள் இருந்துகொண்டு பகலிலும் மருந்தை விட்டுக்கொண்டே இருக்கிறதே, நோன்பு முறியாதா?
4. ஒரு மாதம்தானே, மருந்தையே விட்டுவிட்டால் என்ன?

மாத்திரைப்பெட்டி:

வ அலைக்குமுஸ்ஸலாம். 3, 4 இரண்டுக்கும் மருந்துப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். மார்க்கச் சட்டத்தை அது படித்தவர்கள் சொல்லட்டும்.

ஏ.டி.ஹெச்.டி.க்கு என்று ஒரே மருந்து கிடையாது. ஒன்றை மருத்துவர் சொன்னால் ஒரே நாளில் நிறுத்திவிடலாம். இன்னொன்றை அப்படி நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். ஒன்றைப் பிரித்துத் தண்ணீரில் கரைக்கலாம். இன்னொன்றைப் பிரித்தால் தூள் பட்டுக் கண் எரியும். இதனால்தான் "இன்னாருக்குச் சஹரில் போட்டுச் சரியாக இருந்ததாம்" என்ற பேச்சு உதவாது. அட்டையில் என்ன பெயர், எந்த வகை என்று பார்த்துவிட்டுத்தான் நேரம் பேச வேண்டும்.

கான்செர்ட்டா 36: மேல்பூச்சில் 8 மி.கி. இருக்கிறது. அது ஒரு மணி நேரத்துக்குள் கரைந்துவிடும். மிச்சம் 28 மி.கி. கரையாத ஓட்டுக்குள் இருக்கும். ஓட்டின் ஒரு முனையில் லேசரால் போட்ட ஊசித்துளை. குடலிலுள்ள நீர் ஓட்டுக்குள் புகுந்து, உள்ளே இருக்கும் தள்ளுபடலம் ஊதி, மருந்தைத் துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுக்கும். மொத்தம் சுமார் 12 மணி நேரம். வெறும் ஓடு மலத்தோடு வெளியே வரும். அதைப் பார்த்துவிட்டு "மாத்திரை கரையவே இல்லை" என்று இன்னொன்று போட்டுவிடக் கூடாது. கடிக்கவோ, உடைக்கவோ, பொடிக்கவோ கூடாது. பொடித்தால் 12 மணி நேர மருந்து ஒரே நேரத்தில் உள்ளே போகும்.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். சஹர் 4:15 மணிக்கு முடிகிறது என்று வைப்போம். 4 மணிக்குப் போட்டால் 5 மணிக்கே முதல் 8 மி.கி. பிடித்துவிடும். ரத்தத்தில் அளவு உச்சத்துக்குப் போவது காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 2 வரை. மாலை 4 மணிவாக்கில் இறங்கிவிடும். ஆக வேலை நேரத்தில் பெரும்பகுதிக்கு மருந்து இருக்கும். இழப்பு இரண்டு இடத்தில்:

சுப்ஹு (விடியல் தொழுகை) தொழுதுவிட்டுப் போடும் தூக்கம் வராது. பலர் சஹர் மருந்தைக் குறை சொல்வதற்கு இதுதான் காரணம். மருந்தில் கோளாறு இல்லை. தூக்கக் கணக்கில்தான் கோளாறு. இரவு ஒரு மணிக்குப் படுத்து, 3:30க்கு எழுந்து, மருந்தும் போட்டுவிட்டு, "5 முதல் 7 வரை தூங்கிக்கொள்ளலாம்" என்று நினைத்தால் அந்த இரண்டு மணி நேரம் கூரையைப் பார்த்தபடிதான் கழியும். தூக்கம் குறைந்தால் கவனம் குறையும். அப்புறம் "நோன்பில் மாத்திரை வேலை செய்யவில்லை" என்று தோன்றும்.

இரண்டாவது, மஃரிபுக்கு (சூரியன் மறைந்து நோன்பு திறக்கும் நேரம்) முந்தைய இரண்டு மணி நேரம். மருந்து இறங்கும் நேரமும் ரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்கும் நேரமும் ஒன்றாகச் சேரும். சள்ளென்று கோபம் வரும், கைகால் பரபரக்கும், யோசனை சிதறும். அந்த நேரத்தில் வண்டி ஓட்டுவதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். முக்கியமான பேச்சுவார்த்தைகளை லுஹருக்கு (நண்பகல் தொழுகை) முன்னால் முடித்துக்கொள்வது நல்லது.

பிற்பகல் 10 மி.கி. நோன்பில் கிடையாது. தண்ணீர் இல்லாமல் விழுங்கினாலும் விழுங்கியதுதான். அதை ஈடுகட்டக் காலையில் 46 மி.கி. என்று கூட்டிப் போடுவது தவறு. மஃரிபுக்குப் பின் வேலையோ படிப்போ இருந்தால், நோன்பு திறந்த பிறகு அந்தச் சாதாரண மாத்திரையைப் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதன் வேகம் 3 முதல் 5 மணி நேரம்தான். 7 மணிக்குப் போட்டு 12 மணிக்குப் படுப்பவருக்குப் பொருந்தும். 10 மணிக்குப் படுத்து 3:30க்கு எழ வேண்டியவருக்குப் பொருந்தாது. நீண்ட நேர மாத்திரையை இஃப்தாரில் (நோன்பு திறக்கும்போது) போடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 7 மணிக்குப் போட்டால் மறுநாள் காலை 7 வரை விழித்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன 12 மணி நேரக் கணக்கு கான்செர்ட்டா அமைப்புக்கு மட்டும். அதே மருந்து வேறு பெயரில் வரும்போது வேறு விதமாக வேலை செய்யும். மெடிக்கினெட் நீண்ட நேரக் கேப்ஸ்யூல் சுமார் 8 மணி நேரம்தான், அதையும் உணவோடுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் இரண்டாம் பாதி மருந்தும் முன்கூட்டியே வெளியேறிவிடும். சஹர் சாப்பிடாமல் ஒரு மடக்குத் தண்ணீரோடு அதைப் போட்டுவிட்டுப் படுப்பவருக்கு 10 மணிக்கே மருந்து தீர்ந்துபோனால் வியப்பதற்கில்லை.

நெல்லிக்காய்:

லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெட்டமின் (வைவான்ஸ், எல்வான்ஸ்) நோன்புக்கு இன்னும் வசதி. கேப்ஸ்யூலைத் திறந்து தூளைத் தண்ணீரில் கலந்து குடித்துவிடலாம், ஜெலட்டின் கேள்வியே வராது. அட்டோமாக்செட்டினையும் அப்படியே செய்துகொள்ளலாமே.

மாத்திரைப்பெட்டி:

முதல் பாதி சரி, இரண்டாம் பாதி கூடாது. அட்டோமாக்செட்டின் கேப்ஸ்யூலைத் திறக்கக் கூடாது என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. தூள் கண்ணில் பட்டால் எரிச்சல். முழுசாகத்தான் விழுங்க வேண்டும். வாயிலும் தொண்டையிலும் ஒட்டாமல் இறங்கும்படி தண்ணீரும் போதுமான அளவு குடிக்க வேண்டும்.

லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெட்டமின் விஷயம் நீங்கள் சொன்னதுதான்: தூள் முழுவதையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். கரைத்து வைத்துவிட்டு அப்புறம் குடிப்பதோ, ஒரு கேப்ஸ்யூலை இரண்டு நாளுக்குப் பங்கு போடுவதோ கூடாது. அந்த மருந்து உள்ளே போனதும் அப்படியே வேலை செய்யாது. ரத்தத்தின் சிவப்பணுக்களில் உடைந்த பிறகுதான் டெக்ஸ்ஆம்ஃபெட்டமினாக மாறும். அதனால் பிடிக்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். உச்சம் சுமார் நாலு மணி நேரத்தில். பெரியவர்களுக்கு 14 மணி நேரம் வரை நிற்கும். சஹரில் குடித்துவிட்டு, சுப்ஹு தொழுது, ஒரு மணி நேரம் கண்ணயர முடியும் என்பது இதில் கூடுதல் வசதி. அதற்காக ரமலானுக்கென்று மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். புது மருந்தின் அளவைச் சரிபார்க்கவே பல வாரம் ஆகும். நோன்போடு சேர்த்தால் எது எதனால் என்று பிரித்தறியவே முடியாது.

ஆம்ஃபெட்டமின் வகை எடுப்பவர்கள் இஃப்தாருக்குப் பின் நெஞ்செரிச்சல் என்று சோடியம் பைகார்பனேட் கலந்த உப்புகளைக் கரைத்துக் குடிக்க வேண்டாம். சிறுநீரின் அமிலத்தன்மை குறைந்து மருந்து உடலிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். அளவு கூடி இரவுத் தூக்கம் போய்விடும்.

ஃபிக்ஹ்குறிப்பு:

கேள்வி 1. போதை என்றால் அறிவை மறைப்பது. மருத்துவர் எழுதிய அளவில் இந்த மருந்து அறிவை மறைப்பதில்லை, சிதறும் கவனத்தைக் கூட்டுகிறது. சட்டத்தில் 'கட்டுப்படுத்தப்பட்ட மருந்து' என்ற பட்டியலில் இருப்பது தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்பதற்காக. அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே ஹராம் ஆகிவிடாது. மருத்துவம் செய்துகொள்வது மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டது, நபிமொழிகளில் ஊக்குவிக்கப்பட்டதும்கூட. ஆனால் மருந்துச் சீட்டு இல்லாமல் எடுப்பது, பரீட்சைக்கென்று நண்பருக்கு இரண்டு மாத்திரை கொடுப்பது, சொன்ன அளவுக்கு மேல் போடுவது இதெல்லாம் வேறு. அதில் கேடும் இருக்கிறது, சட்டமீறலும் இருக்கிறது. அதற்கு இந்த அனுமதியைக் காட்ட முடியாது.

கேள்வி 2. ஜெலட்டினில் உலமாக்களிடையே (மார்க்க அறிஞர்கள்) கருத்து வேறுபாடு உண்டு. குவைத்தில் இயங்கும் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பின் 1995 கருத்தரங்கு, அசுத்தமான பிராணியின் தோலும் எலும்பும் ரசாயன மாற்றத்தால் வேறொரு பொருளாகிவிட்டால் அந்த ஜெலட்டின் சுத்தமானது என்று முடிவு சொன்னது. 'இஸ்திஹாலா' என்பது இந்தக் கருத்துதான். ஆனால் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாதமி 1986இல், பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினை உணவில் பயன்படுத்தக் கூடாது என்றது. நடைமுறையில் இந்த வரிசையில் போங்கள்: அதே மருந்து மாத்திரையாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள் (கான்செர்ட்டா, குவான்ஃபசின் இரண்டும் மாத்திரைகள்தான்). இல்லையென்றால் கேப்ஸ்யூல் ஓட்டில் 'ஹைப்ரோமெல்லோஸ்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது தாவர மூலம். அதுவும் இல்லையென்றால், திறக்க அனுமதி உள்ள மருந்தா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். எதுவும் ஒத்துவராமல், மருந்தும் தேவை என்றால், மாற்று இல்லாத சிகிச்சை என்ற அடிப்படையில் உங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞர்) கேட்டு எடுத்துக்கொள்ளலாம். தெரியாத மூலத்தை நினைத்து மருந்தையே நிறுத்துவது பேணுதல் ஆகாது, வஸ்வாஸ்தான் (வீண் சந்தேகம்).

கேள்வி 3. சுப்ஹு நேரம் நுழையும் முன்னால் விழுங்கியது பகலில் கரைவதால் நோன்பு முறியாது. சஹரில் சாப்பிட்ட சாப்பாடும் பகலில்தானே செரிக்கிறது? எப்போது உள்ளே போனது என்பதுதான் கணக்கு.

சில நாடுகளில் மெத்தில்ஃபெனிடேட் தோல் ஒட்டாகவும் கிடைக்கிறது. இடுப்புப் பக்கம் ஒட்டி 9 மணி நேரம் வைத்திருப்பது. ஃபிக்ஹ் அகாதமி 1997இல் ஜித்தாவில் கூடியபோது (தீர்மானம் 93), தோல் வழியே உறிஞ்சப்படும் களிம்பு, மருந்து ஒட்டு போன்றவை நோன்பை முறிக்காது என்று முடிவு செய்தது. ஷாஃபிஈ சட்டவழி நூல்களிலும் மயிர்த்துளை வழியே உள்ளே போவது நோன்பை முறிக்காது என்றே இருக்கிறது. இடுப்பில் ஒட்டுவதால் உளூவுக்கு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) தடையில்லை. கடமையான குளிப்பு என்றால் ஒட்டை எடுத்துவிட்டுத் தோலில் தண்ணீர் படவேண்டும்.

கேள்வி 4. இதில் அவசரப்பட்டு ஒரு பக்கம் சாயக் கூடாது. நோயாளிக்குச் சலுகை திருக்குர்ஆன் 2:184, 185 வசனங்களில் இருக்கிறது. ஆனால் நோயின் பெயர் மட்டும் சலுகை தந்துவிடாது. மருந்து இல்லாத நோன்பு நாளில் என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கொஞ்சம் கவனம் சிதறும், வேலை மெதுவாகும் என்ற அளவென்றால் சமாளித்து நோன்பு வைப்பார்கள். மருந்தில்லாமல் வாகனமோ இயந்திரமோ ஓட்டி உயிருக்கு ஆபத்து, கடுமையான மனச்சோர்வு திரும்புகிறது, பிழைப்பே போகும் நிலை என்று நம்பகமான மருத்துவர் சொன்னால் அது வேறு. மருத்துவரின் சொல்லை எடுத்துக்கொண்டு ஆலிமிடம் போங்கள். இரண்டு பேரில் ஒருவரை மட்டும் கேட்டு முடிவு செய்ய வேண்டாம்.

நோன்பை விட்டால் கழாவா (பின்னால் வேறு நாளில் வைப்பது), ஃபித்யாவா (ஈடாக ஏழைக்கு உணவளிப்பது) என்பதிலும் பலர் வழுக்கிவிடுகிறார்கள். ஏ.டி.ஹெச்.டி. ஆயுளுக்கும் இருப்பது, ஆகவே ஃபித்யாதான் என்று நேராக முடிவு கட்டக் கூடாது. ஆண்டில் எந்த நாளும் நோன்பு வைக்க முடியாதவருக்குத்தான் ஃபித்யா. கோடையில் 17 மணி நேரப் பகல் உள்ள இடத்தில் முடியாதவருக்குக் குளிர்காலத்தில் 9 மணி நேர நோன்பு முடியலாம். சஹரில் போட்ட மாத்திரை இஃப்தார் வரை நின்றுவிடும். அப்படியானால் அவர் மேல் கழாதான். ரமலான் ஆண்டுக்குப் 10, 11 நாள் முன்னால் நகர்வதால், இந்த வருடம் முடியாதது சில வருடங்களில் முடியவும் செய்யும்.

பருவமடையாத குழந்தைகளுக்கு நோன்பு கடமையே இல்லை. பழக்குவதற்காக அவர்கள் மருந்தை நிறுத்தக் கூடாது.

முற்றத்துநிலா:

ஜஸாகுமுல்லாஹு கைரன். குவான்ஃபசின் இரவில்தான் போடுவதால் அதில் ஒன்றும் மாற்ற வேண்டாம் என்று நினைத்திருந்தோம். சரிதானே? இன்னொன்று: பழக்கதோஷத்தில் நோன்பை மறந்து காலை 8 மணிக்கு மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டால்?

வெள்ளைத்தொப்பி:

குவான்ஃபசினில்தான் கவனம் அதிகம் வேண்டும்.

நேரம் இரவு என்பது சரி. என்ன சாப்பாட்டோடு என்பதில்தான் சிக்கல். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு போட்டால் அந்த மருந்து ரத்தத்தில் ஏறும் உச்ச அளவு சுமார் 75 சதவீதம் கூடும். சாதாரண நாளில் லேசான இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுப் பழகியவர், நோன்பு திறந்து எண்ணெயில் பொரித்ததும் இறைச்சியும் சாப்பிட்ட கையோடு அதே 3 மி.கி.யைப் போட்டால், தராவீஹில் (ரமலான் இரவுத் தொழுகை) நிற்கும்போது கண் இருட்டும். இஃப்தாரோடு சேர்க்காமல், தராவீஹ் முடிந்து படுக்கப் போகும்போது போடுவதுதான் சரி. மாத்திரையை முழுசாக விழுங்க வேண்டும், உடைக்கக் கூடாது.

இந்த மருந்து ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும். பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாதபோது இன்னும் தாழும். முதலில் தெரியும் இடம் தொழுகைதான்: சஜ்தாவிலிருந்து நேராக நிலைக்கு எழும்போது தலை கிறுகிறுக்கும். பிற்பகல் அஸர் தொழுகையில் அப்படி வந்தால், இரண்டாம் சஜ்தாவுக்குப் பின் ஒரு மூச்சு உட்கார்ந்து, கையை ஊன்றி மெதுவாக எழச் சொல்லுங்கள். அப்படியும் கிறுகிறுப்பு நிற்கவில்லை என்றால் உட்கார்ந்து தொழலாம். தராவீஹ் நஃபிலான (கடமையல்லாத) தொழுகை, முடியாதபோது உட்கார்ந்து தொழத் தயங்க வேண்டாம். நோன்பு நாட்களில் மயக்கம் வருகிறது என்றால் அளவு சரியா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஆனால் மயக்கம் வருகிறதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குவான்ஃபசினைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எதிர்ப்பக்கமாக ஏறும். நிறுத்த வேண்டும் என்றால் 3 முதல் 7 நாளுக்கு 1 மி.கி. என்ற அளவுக்கு மேல் வேகமாகக் குறைப்பதில்லை. 3 மி.கி. எடுப்பவருக்கு அதுவே ஒன்று முதல் மூன்று வாரம். தொடர்ந்து இரண்டு நாளோ அதற்கு மேலோ விட்டுப்போனால், பழைய அளவிலேயே திரும்பத் தொடங்காமல் மருத்துவரைக் கேளுங்கள். குளோனிடின் என்ற மருந்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

அட்டோமாக்செட்டின் புதிதாகத் தொடங்குவதாக இருந்தால், முடிந்தால் இப்போதே தொடங்குங்கள், அல்லது பெருநாள் கழித்துத் தொடங்குங்கள். பலன் தெரிய 4 முதல் 6 வாரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். வெறும் வயிற்றில் குமட்டும். அதை நோன்பின் நடுவில் தொடங்கினால், பகலில் குமட்டி, பிள்ளை நோன்பையும் விடும், மருந்தையும் வெறுக்கும். ஏற்கெனவே பழகியவர்கள் சஹர் சாப்பாட்டிலோ இஃப்தார் சாப்பாட்டிலோ பாதி வயிறு நிறைந்த பிறகு எடுக்கலாம். அது மணிக்கணக்கில் ஏறி இறங்கும் மருந்து இல்லை, நேரம் மாறினாலும் நாள்தோறும் ஒரே நேரத்தில் இருந்தால் போதும். பெரியவர்கள் சிலருக்குச் சிறுநீர் தயங்கித் தயங்கி வரும்; உளூவுக்கு முன்னால் கழிவறையில் நீண்ட நேரம் உட்கார்ந்து, சொட்டு நின்றதா என்ற சந்தேகத்தில் கிடப்பவர்கள் இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம்.

மறதியாக 8 மணிக்கு விழுங்குவது: ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டு சட்டவழியிலும் மறதியாக உண்டது, குடித்தது நோன்பை முறிக்காது, நினைவு வந்ததும் நிறுத்திக்கொண்டு நோன்பைத் தொடர வேண்டும். நோன்பைவிடப் பெரிய கவலை வேறு. சஹரில் 36 போட்டது மறந்து 8 மணிக்கு இன்னொரு 36 போட்டால் அது இரட்டை அளவு. அப்படி ஆனால் காத்திருக்காமல் மருத்துவரையோ நச்சு ஆலோசனை எண்ணையோ கூப்பிடுங்கள். படபடப்பு, நெஞ்சுவலி, குழப்பம் இருந்தால் நேராக அவசர சிகிச்சைக்கு. தடுக்க வழி எளிது: கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி. வழக்கமான இடத்தில் இருக்கும் அட்டையை ரமலானுக்கு முந்தைய இரவே எடுத்து ஒளித்துவிட்டு, பெட்டியைச் சஹர் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். திங்கள் கட்டம் காலியாக இருந்தால் போட்டாயிற்று. நினைவை நம்ப வேண்டியதில்லை.

ஷஃபான்பிறை:

இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்றீர்களே, அதில்தான் எல்லாமே இருக்கிறது. ஷஃபானில் (ரமலானுக்கு முந்தைய மாதம்) ஒரு திங்கள், ஒரு வியாழன் நஃபில் நோன்பு வைத்து, சஹர் மருந்தைச் சோதித்துப் பாருங்கள். மருத்துவர் ஒத்துக்கொண்ட பிறகு. அந்த நாளில் ஒரு தாளில் நாலு நேரம் மட்டும் குறியுங்கள்: காலை 9, லுஹர், அஸர், மஃரிபுக்கு அரை மணி முன். ஒவ்வொரு நேரத்திலும் நாடித்துடிப்பு, தலைவலி உண்டா, எரிச்சல் எவ்வளவு, செய்த வேலை முடிந்ததா. இரண்டு நாள் தாள் இருந்தால் மருத்துவர் 5 நிமிடத்தில் முடிவு சொல்வார். "ஒரு மாதிரி இருந்தது" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

நாடித்துடிப்பு எண்ணும்போது: 5 நிமிடம் உட்கார்ந்த பிறகு முழு ஒரு நிமிடம். ஓய்வில் தொடர்ந்து 120க்கு மேல் இருந்தால் அன்றைக்கு நோன்பைத் திறந்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மயக்கம், நெஞ்சுவலி இருந்தால் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

தூண்டும் வகை மருந்து பசியை அடக்கும். நோன்பில் அது உதவி மாதிரித் தெரியும், ஆனால் சிக்கல் இஃப்தாரில்தான். மருந்து இறங்கியதும் பசி ஒரேயடியாக வரும். வயிறு முட்டச் சாப்பிட்டுத் தண்ணீருக்கு இடமில்லாமல் போகும். இஃப்தாரிலிருந்து படுக்கும் வரை மணிக்கு ஒரு டம்ளர் என்று அலாரம் வையுங்கள். சஹரில் ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிப்பது அவ்வளவு பலன் தராது, நிறையச் சிறுநீராகப் போய்விடும். காபி, தேநீர் சஹரில் வேண்டாம். மருந்தோடு சேர்ந்தால் நெஞ்சு படபடக்கும்.

நிய்யத்துக்கும் (நோன்பு வைக்கும் எண்ணம்) ஓர் அலாரம் தேவை. ஷாஃபிஈ வழியில் கடமையான நோன்புக்கு ஒவ்வோர் இரவும் சுப்ஹுக்கு முன் நிய்யத் வேண்டும். ஹனஃபியில் ரமலான் நோன்புக்கு முற்பகல் வரை இடம் உண்டு. மாத்திரைப் பெட்டியைத் திறக்கும்போதே நிய்யத் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டால் எதுவும் தவறாது. சஹர் அலாரத்தை நேரம் முடிய 30 நிமிடம் முன் வையுங்கள். பாங்கு சொல்லும் நேரத்தில் மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

சஹருக்கு எழாமல் சுப்ஹுக்குப் பிறகு விழித்தால் அன்றைக்கு மருந்து இல்லை. அந்த நாளை எப்படி ஓட்டுவது என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள்: வண்டி ஓட்டுவதில்லை, பெரிய கணக்கு வழக்கு இல்லை. மெத்தில்ஃபெனிடேட் ஒரு நாள் விட்டால் உடலுக்குக் கேடில்லை, சோர்வாக இருக்கும், அவ்வளவுதான்.

ரக்அத்தெண்ணி:

இந்தத் தலைப்பை விட்டு ஓரடி விலகுகிறேன். மருந்து இறங்கிய நேரத்தில் மஃரிப், இஷா, தராவீஹ் வருவதால் ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) எண்ணிக்கை மறப்பவர்கள் நிறைய. மூன்றா நான்கா என்று சந்தேகம் வந்தால் ஷாஃபிஈயில் குறைந்த எண்ணை (மூன்று) எடுத்துக்கொண்டு தொழுது, ஸலாமுக்கு (தொழுகையை முடிப்பது) முன் இரண்டு ஸஹ்வு சஜ்தா (மறதிக்கான சிரவணக்கம்). ஹனஃபியில் அடிக்கடி சந்தேகம் வருபவர் மனம் சாயும் எண்ணை எடுப்பார், எதிலும் சாயவில்லை என்றால் குறைந்ததை. ஸஹ்வு சஜ்தா ஸலாமுக்குப் பின். தொழுகையை முதலிலிருந்து திரும்பத் திரும்பத் தொழ வேண்டாம். ஜமாஅத்தில் தொழுதால் எண்ணும் பொறுப்பு இமாமுடையது.

பயணப்பை:

ரமலானில் உம்ரா (மக்கா புனிதப் பயணம்) போகிறவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று. மெத்தில்ஃபெனிடேட்டும் ஆம்ஃபெட்டமினும் 1971ஆம் ஆண்டின் ஐ.நா. மனமருட்சிப் பொருள் உடன்படிக்கையில் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. சவூதிக்கு இப்படிப்பட்ட மருந்தை எடுத்துப் போக அந்நாட்டு உணவு, மருந்து ஆணையத்தின் இணைய வழி அனுமதியைப் பயணத்துக்கு முன்னாலேயே வாங்க வேண்டும். விமானம் மாறும் நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். மருந்து அதன் சொந்தப் பெட்டியில், பெயர் ஒட்டிய நிலையில், கைப்பையில். மருத்துவர் கடிதத்தில் மருந்தின் பொதுப்பெயர், அளவு, நாளுக்கு எத்தனை, பயண நாட்கள் இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கிழமைப் பெட்டியில் கொட்டி எடுத்துப் போவது வீட்டுக்கு மட்டும்தான். அட்டோமாக்செட்டின் அந்த உடன்படிக்கைப் பட்டியலில் இல்லை. அதற்கும் கடிதம் வைத்துக்கொள்வது நல்லது.

முற்றத்துநிலா:

எல்லோருக்கும் அல்லாஹ் அருள் செய்யட்டும். கடைசியாக ஒன்று: பெருநாள் அன்று பழைய நேரத்துக்கு எப்படித் திரும்புவது?

மாத்திரைப்பெட்டி:

கான்செர்ட்டாவுக்குப் படிப்படியான மாற்றம் தேவையில்லை. பெருநாள் காலை சாப்பிட்டுவிட்டு 8 மணிக்குப் போடச் சொல்லுங்கள், முடிந்தது. 3 மணி மாத்திரையை அன்றே தொடங்கும் முன் அன்றிரவுத் தூக்கம் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் இரவு விழித்த உடம்பு, முதல் இரண்டு நாள் அதை விட்டுவிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குவான்ஃபசின் படுக்கும் நேரத்து மருந்து; தராவீஹ் இல்லாததால் படுக்கும் நேரம் முன்னால் வரும், மருந்தும் அதோடு வரட்டும். பிறை 29இல் தெரியுமா, 30 ஆகுமா என்று தெரியாத இரவில் சஹர் அலாரத்தை அணைக்காமல் வையுங்கள். அறிவிப்பு வந்த பிறகு பெட்டியைத் தட்டுப் பக்கத்திலிருந்து எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் படுங்கள்.